சர்வர் சூடாவதை அது நின்றுபோவதற்கு முன்பே கண்டுபிடிப்பது எப்படி

சூடு அதிகமானால் சர்வர் தானாக அணைந்துவிடும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அணைவது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் மணிக்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், அது யாரிடமும் எதுவும் சொல்லாமல் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். சிபியு தன் உச்ச வரம்பைத் தொட்டதும் கிளாக் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது, இதைத்தான் த்ராட்டிலிங் என்கிறோம். வேலை நிற்காது, எரர் வராது, எல்லாம் கொஞ்சம் தாமதமாக நடக்கும், அவ்வளவுதான். அதையும் மீறிச் சூடு ஏறினால்தான் சிபியுவே மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும்.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டேட்டாபேஸ் சர்வர் தினமும் இரவு பேக்கப் ஓடும் நேரத்தில் மட்டும் திணறியது. மூன்று நாட்கள் குவெரி, இண்டெக்ஸ், டிஸ்க், நெட்வொர்க் என்று எல்லாவற்றையும் தோண்டினோம். கடைசியில் எத்தனை முறை த்ராட்டிலிங் நடந்தது என்று எண்ணி வைக்கும் த்ராட்டில் கவுண்டரைப் பார்த்தால் அது ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. உள்ளே இருந்த ஆறு ஃபேன்களில் ஒன்று நின்றுபோயிருந்தது, மற்ற ஐந்தும் முழு வேகத்தில் சுற்றி எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தன, பேக்கப் லோடு ஏறும்போது மட்டும் சமாளிக்க முடியவில்லை. ஒரே ஒரு கமாண்ட் அடித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அந்த மாதிரி மூன்று நாட்களை நீங்கள் இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: "சிபியு 70 டிகிரி" என்ற எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. 70 ஒரு சர்வருக்குச் சாதாரணம், இன்னொன்றுக்கு அபாயத்தின் ஆரம்பம். உள்ளே போகும் காற்று எவ்வளவு சூடு, லோடு எவ்வளவு, ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும்.

சர்வரின் முன்பக்கத்தில், காற்று உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சென்சார் இருக்கும். இன்லெட் என்றோ ஆம்பியன்ட் என்றோ அதற்குப் பெயர் போட்டிருப்பார்கள். என் கணக்கில் இதுதான் எல்லாச் சென்சார்களிலும் முக்கியமானது. டேட்டா சென்டர் குளிரூட்டலுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றப்படும், ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கத்தின் வழிகாட்டுதல், உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கச் சொல்கிறது. அனுமதிக்கப்பட்ட எல்லை இதைவிட அகலம்: ஆஷ்ரே பிரித்திருக்கும் ஏ1 வகைக் கருவிகளுக்கு 15 முதல் 32 வரை, ஏ2 வகைக்கு 10 முதல் 35 வரை. எல்லை அகலமாக இருக்கிறது என்பதற்காக அதன் ஓரத்திலேயே வருடம் முழுக்க ஓட்டலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது ஒரு கணக்கு. இன்லெட் 22, நல்ல லோடில் சிபியு 62. வித்தியாசம் 40. ஒரு மாதம் கழித்து அதே லோடில் இன்லெட் 22, ஆனால் சிபியு 74. வித்தியாசம் 52 ஆகிவிட்டது, அறையில் எந்தக் குறையும் இல்லை, பெட்டிக்குள்தான் ஏதோ கெட்டிருக்கிறது: தூசி, ஃபேன், அல்லது சிபியுவுக்கும் அதன் சூட்டை வெளியே கடத்தும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே இருக்கும் பேஸ்ட். மாறாக இன்லெட் 32, சிபியு 72 என்று வந்தால் வித்தியாசம் அதே 40. சர்வரைத் திறந்து பார்த்துப் பயனில்லை, ஏசியைப் போய்ப் பாருங்கள். இந்த ஒரு கழித்தல் கணக்கு பாதிப் பிரச்சினையைப் பிரித்துக் காட்டிவிடும்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சர்வரின் ஃபேன்கள் சூட்டைப் பார்த்துத் தானாக வேகத்தை மாற்றுபவை. உள்ளே தூசி சேரச் சேர ஃபேன் வேகத்தைக் கூட்டி, சிபியு சூட்டைப் பழைய இடத்திலேயே பிடித்து வைத்திருக்கும். வரைபடத்தில் சூடு நேர்கோடாக இருக்கும், நாமும் எல்லாம் நலம் என்று இருப்போம். ஃபேன் ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு அது சுற்றும் எண்ணிக்கை, மட்டும் வாரா வாரம் ஏறிக்கொண்டே போகும். ஃபேன் இதற்கு மேல் வேகத்தைக் கூட்ட முடியாமல் போகும் அன்றுதான் சூடு ஏற ஆரம்பிக்கும், அன்றைக்கு நேரம் குறைவாகத்தான் இருக்கும். அதனால் சூட்டை எங்கே பதிவு செய்கிறீர்களோ அங்கேயே ஆர்பிஎம்மையும் பதிவு செய்யுங்கள். ஃபேன் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும், வேகம் இரட்டித்தால் மின்சாரம் எட்டு மடங்கு, ஆகவே ஆர்பிஎம் ஏறுவதைச் சீக்கிரம் கவனிப்பது மின்சாரக் கணக்கிலும் லாபம்தான்.

லினக்ஸுக்குள் இருந்து பார்ப்பது

எல்எம்-சென்சார்ஸ் என்ற பேக்கேஜை நிறுவுங்கள், எல்லா முக்கிய லினக்ஸ் வகைகளிலும் கிடைக்கும். பிறகு ரூட்டாக 'சென்சார்ஸ்-டிடெக்ட்' கமாண்டை ஓட்டுங்கள். அது நிறையக் கேள்வி கேட்கும், ஒவ்வொன்றுக்கும் அது தானே பரிந்துரைக்கும் பதிலையே என்டர் தட்டி ஏற்றுக்கொள்ளுங்கள், ஆர்வத்தில் எல்லாவற்றுக்கும் 'எஸ்' போட வேண்டாம். எந்த டிரைவர் தேவை என்று அது சொல்லும், அதை ஏற்றிய பிறகு வெறுமனே 'சென்சார்ஸ்' என்று அடித்தால் பட்டியல் வந்துவிடும்.

இன்டெல் சிபியு என்றால் கோர்டெம்ப் என்ற டிரைவரின் கீழ் ஒவ்வொரு கோரும், பேக்கேஜ் என்ற பெயரில் மொத்தச் சிப்பும் தனித்தனியாக வரும். பக்கத்திலேயே ஹை, கிரிட் (கிரிட்டிக்கல் என்பதன் சுருக்கம்) என்று இரண்டு வரம்புகள் இருக்கும். இணையத்தில் யாரோ சொன்ன எண்ணைவிட இந்தக் கிரிட் மதிப்புதான் உங்கள் சிபியுவுக்கு உரியது, அதை ஒரு இடத்தில் குறித்து வையுங்கள். இன்டெல்லின் உள் சென்சார், உச்ச வரம்பிலிருந்து இன்னும் எத்தனை டிகிரி தூரம் இருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. அதனால் வரம்புக்குப் பக்கத்தில் நம்பலாம், ஆளில்லாமல் சும்மா இருக்கும்போது காட்டும் குறைந்த எண்கள் அவ்வளவு துல்லியமாக இருக்காது. ஏஎம்டி என்றால் கே10டெம்ப் டிரைவர், அதில் டிசிடிஎல் என்று ஒன்று வரும். அது ஃபேனைக் கட்டுப்படுத்துவதற்கான மதிப்பு, முதல் தலைமுறை ரைசனில் சில மாடல்களில் உண்மையான சூட்டைவிட 20 டிகிரி கூட்டிக் காட்டும். டிடை என்று தனியாக ஒன்று வந்தால் அதுதான் உண்மையான சூடு.

மதர்போர்டு சிப்பிலிருந்து வரும் சில வரிகள் உங்களைப் பயமுறுத்தும். 127 டிகிரி, அல்லது மைனஸ் 60 என்றெல்லாம் காட்டும். ஆக்ஸ்டின் என்ற பெயரில் இப்படி வந்தால் அந்தக் கம்பியில் சென்சாரே மாட்டப்படவில்லை என்று பொருள். கான்ஃபிக் கோப்பில் 'இக்னோர்' போட்டு நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பொய் அலர்ட் வந்து வந்து, உண்மையான அலர்ட்டையும் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு: இந்த எண்கள் எல்லாம் சிஸ் கோப்பகத்தில், கிளாஸுக்குள் எச்டபிள்யூமான் என்ற இடத்தில் சாதாரணக் கோப்புகளாகக் கிடைக்கும். மதிப்பு மில்லி டிகிரியில் இருக்கும், 45000 என்றால் 45 டிகிரி. எச்டபிள்யூமான்0, எச்டபிள்யூமான்1 என்ற எண்கள் ரீபூட்டுக்குப் பிறகு இடம் மாறலாம், ஆகவே எண்ணை வைத்துப் படிக்காதீர்கள், உள்ளே இருக்கும் 'நேம்' கோப்பைப் பார்த்து எது எது என்று முடிவு செய்யுங்கள். இதைச் செய்யாமல், சிபியுவைப் பார்க்கிறோம் என்று நம்பிக்கொண்டு மாதக்கணக்கில் ஒரு எஸ்எஸ்டியின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது சுலபம். விர்ச்சுவல் மெஷினுக்குள் உட்கார்ந்து இதையெல்லாம் தேடாதீர்கள், பொதுவாக அங்கே ஒன்றும் தெரியாது, கீழே இருக்கும் ஹோஸ்ட்டில்தான் பார்க்க வேண்டும்.

சரி, நான் சொன்ன அந்தத் த்ராட்டில் கவுண்டர். இன்டெல் சிபியு இருக்கும் லினக்ஸில், சிஸ் கோப்பகத்தின் கீழ் ஒவ்வொரு சிபியுவுக்கும் 'தெர்மல் த்ராட்டில்' என்ற துணைக் கோப்பகம் இருக்கும். அதில் 'கோர் த்ராட்டில் கவுன்ட்', 'பேக்கேஜ் த்ராட்டில் கவுன்ட்' என்ற கோப்புகளைத் திறந்து பாருங்கள். பூட் ஆனதிலிருந்து எத்தனை முறை சூட்டினால் வேகம் குறைக்கப்பட்டது என்பது அதில் இருக்கும். பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. பூட் நேரத்தில் ஓரிரண்டு ஏறியிருந்தால் கவலை வேண்டாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறினால் அதுதான் உங்கள் பதில். கெர்னல் லாகிலும் 'டெம்பரேச்சர் அபவ் த்ரெஷோல்ட், சிபியு கிளாக் த்ராட்டில்டு' என்று வரி விழுந்திருக்கும். ஏஎம்டியில் இந்தக் கோப்புகள் இருக்காது, அங்கே லோடு இருக்கும் நேரத்தில் கிளாக் வேகம் வழக்கத்தைவிட இறங்குகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

பிஎம்சி வழியாகப் பார்ப்பது

மேலே சொன்னதெல்லாம் ஆப்பரேட்டிங் சிஸ்டம் உயிரோடு இருக்கும் வரைதான். சர்வர் தரத்தில் வரும் மெஷின்களில் பிஎம்சி என்று ஒரு குட்டிக் கணினி தனியாக இருக்கும். டெல் அதை ஐடிராக் என்கிறது, எச்பிஇ ஐலோ என்கிறது. சர்வர் அணைந்திருந்தாலும் மின்சாரம் வரும் வரை அது விழித்திருக்கும். இன்லெட், சிபியு, மெமரி, பவர் சப்ளை, எல்லா ஃபேன்களும் அதன் கண்ணில் படும். லினக்ஸ் பார்க்காத இடங்களையும் அது பார்க்கும் என்பதால், பிஎம்சி இருக்கும் மெஷினில் நான் முதலில் போவது அங்கேதான்.

பிஎம்சியோடு பேசும் நெறிமுறைக்கு ஐபிஎம்ஐ என்று பெயர். அதற்கான ஐபிஎம்ஐடூல் என்ற கருவியை நிறுவி, 'ஐபிஎம்ஐடூல் எஸ்டிஆர் டைப் டெம்பரேச்சர்' என்று அடியுங்கள், சூடு எல்லாம் வரும். 'டெம்பரேச்சர்' இடத்தில் 'ஃபேன்' போட்டால் ஆர்பிஎம் வரும். கருவி எதையும் காணவில்லை என்று சொன்னால் ஐபிஎம்ஐ_எஸ்ஐ, ஐபிஎம்ஐ_டெவ்இன்ட்எஃப் ஆகிய இரண்டு கெர்னல் மாட்யூல்களை ஏற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். 'ஐபிஎம்ஐடூல் சென்சார்' என்று அடித்தால் ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் வைத்த வரம்புகளும் சேர்ந்து வரும். மேல்பக்கம் மூன்று படிகள்: கவனிக்க வேண்டிய நிலை, ஆபத்து நிலை, மீள முடியாத நிலை. கீழ்ப்பக்கமும் அதே மாதிரி மூன்று, ஃபேன் மெதுவாவதைக் கண்டுபிடிக்க உதவுவது அந்தக் கீழ்ப்பக்கம்தான்.

அப்புறம் 'ஐபிஎம்ஐடூல் எஸ்இஎல் இலிஸ்ட்'. இது பிஎம்சியின் சொந்த நிகழ்வுப் பதிவேடு. எந்த ஃபேன் எப்போது நின்றது, எந்தச் சென்சார் எப்போது வரம்பைத் தாண்டியது என்று தேதியோடு இருக்கும். என் டேட்டாபேஸ் சர்வரில் ஃபேன் நின்ற நேரம் இதில் தெளிவாக எழுதியிருந்தது, நாங்கள்தான் திறந்து பார்க்கவில்லை. இரண்டு விஷயம் கவனியுங்கள். பிஎம்சியின் கடிகாரம் தனி, அது தவறாக இருந்தால் பதிவுகளின் நேரத்தை வைத்து ஒன்றும் ஒப்பிட முடியாது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இன்னொன்று, பல பிஎம்சிகளில் இந்தப் பதிவேடு நிரம்பிவிட்டால் புதிய பதிவு ஏறாது, அவ்வப்போது நகல் எடுத்துவிட்டுக் காலி செய்யுங்கள்.

தொலைவிலிருந்து பார்க்க 'லேன்ப்ளஸ்' இன்டர்ஃபேஸைப் பயன்படுத்துங்கள், பாஸ்வேர்டைக் கமாண்ட் வரியிலேயே எழுதாமல் கோப்பிலிருந்து படிக்க வையுங்கள். புதிய மெஷின்களில் ரெட்ஃபிஷ் இருக்கும், 2015-இல் வந்த தரநிலை, சாதாரண வெப் ஏபிஐ மாதிரி ஜேசனில் பதில் தரும், ஸ்கிரிப்ட் எழுத அதுதான் சுகம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பிஎம்சியைத் திறந்த இணையத்தில் விடவே விடாதீர்கள். ஐபிஎம்ஐ 2.0-இன் உள்நுழைவு முறையிலேயே பாஸ்வேர்டு ஹாஷை, அதாவது பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க உதவும் அதன் மறைக்கப்பட்ட வடிவத்தை, வெளியே இருப்பவர் வாங்கிக்கொள்ள முடிகிற பலவீனம் இருக்கிறது, பேட்ச் போட்டுத் தீர்க்கக்கூடிய விஷயமில்லை அது. நிர்வாகத்துக்கென்று தனி நெட்வொர்க், அதற்குள் மட்டும் ஐபிஎம்ஐ பயன்படுத்தும் யுடிபி 623 போர்ட்.

டிஸ்க்கும் ஜிபியுவும்

டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவுக்கு ஸ்மார்ட் என்று பெயர், அதைப் பார்க்க ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி போதும். ஹார்ட் டிஸ்க்கில் 194-ஆம் எண் பண்பு சூட்டைச் சொல்லும், சில மாடல்களில் 190. பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ரெய்டு கன்ட்ரோலருக்குப் பின்னால் டிஸ்க் இருந்தால் நேரடியாகத் தெரியாது, எந்தக் கன்ட்ரோலர், எத்தனையாவது டிஸ்க் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கெர்னல் 5.6 முதல் டிரைவ்டெம்ப் என்ற மாட்யூல் இருக்கிறது, அதை ஏற்றினால் சாட்டா டிஸ்க்கின் சூடும் 'சென்சார்ஸ்' பட்டியலிலேயே வந்துவிடும்.

டிஸ்க் சூட்டைப் பற்றிப் பயம் கொஞ்சம் அதிகமாகவே பரவியிருக்கிறது. கூகுள் 2007-இல் தன்னிடம் இருந்த ஏராளமான டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், மிதமான சூட்டுக்கும் டிஸ்க் பழுதாவதற்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு தெரியவில்லை, மிக அதிகச் சூட்டிலும் வயதான டிஸ்க்குகளிலும்தான் பாதிப்பு தெரிந்தது. அதனால் 38 டிகிரிக்கும் 42 டிகிரிக்கும் நடுவே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 50-ஐத் தாண்டி நாள் முழுக்க நிற்கிறதென்றால், அல்லது ஒரே ரேக்கில் பக்கத்து டிஸ்க்கைவிட ஒன்று மட்டும் பத்து டிகிரி அதிகமென்றால், அதைப் பாருங்கள். என்விஎம்இ எஸ்எஸ்டி வேறு கதை, எழுத்து வேலை அதிகமானால் மிக வேகமாகச் சூடாகி அதுவும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எச்சரிக்கை வரம்பும் ஆபத்து வரம்பும் பெரும்பாலும் அதற்குள்ளேயே எழுதியிருக்கும். அந்த வரம்புகளுக்கு மேல் எத்தனை நிமிடம் ஓடியது என்ற கணக்கையும் அதன் ஸ்மார்ட் லாகில் பார்க்கலாம்.

ஜிபியு இருந்தால் என்விடியா-எஸ்எம்ஐ கருவியில் சூடும், வேகம் குறைய எந்த அளவில் ஆரம்பிக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

அலர்ட் வைப்பது

தினமும் கையால் கமாண்ட் அடித்துப் பார்ப்பவர் யாரும் இல்லை, முதல் வாரம் செய்வோம், பிறகு மறந்துவிடுவோம். ப்ரோமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு, அதற்கு எண்களை எடுத்துத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டர் எச்டபிள்யூமான் எண்களையும் த்ராட்டில் கவுண்டரையும் தானாகவே எடுத்துக் கொடுத்துவிடும், பிஎம்சிக்கு ஐபிஎம்ஐ எக்ஸ்போர்ட்டர் என்று தனியாக இருக்கிறது. ஜாபிக்ஸ், நாகியோஸ் எதுவானாலும் சரி, இருப்பதை வைத்துச் செய்யலாம். ஒரே ஒரு சர்வர்தான் என்றால் குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி மெயில் அனுப்பும் பத்து வரி ஸ்கிரிப்ட் கூடப் போதும்.

வரம்பு வைப்பதில்தான் யோசனை தேவை. நான் வைப்பது இப்படி: சிபியு தன் கிரிட் மதிப்பை 15 டிகிரிக்குள் நெருங்கிப் பத்து நிமிடம் தொடர்ந்து நின்றால் சாதாரண எச்சரிக்கை, 5 டிகிரிக்குள் நெருங்கி இரண்டு நிமிடம் நின்றால் ஆளை எழுப்பும் அலர்ட். இன்லெட் 27-ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 32-ஐத் தாண்டினால் எழுப்ப வேண்டியதுதான். த்ராட்டில் கவுண்டர் ஏறினால் தனி அலர்ட். ஃபேன் ஆர்பிஎம் பூஜ்யமானால், சூடு எவ்வளவு இருந்தாலும், உடனே தகவல் வர வேண்டும். அந்த 'தொடர்ந்து' என்ற நிபந்தனை அவசியம், லோடு ஏறும் சில நொடிகளில் சிபியு சூடு குதிப்பது இயல்பு, அதற்கெல்லாம் அலர்ட் வைத்தால் நிற்கவே நிற்காது. அலர்ட் நின்றுபோவதற்கான எண், அது ஆரம்பித்த எண்ணைவிட மூன்று நான்கு டிகிரி கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் எல்லைக்கோட்டில் வந்து போய் வந்து போய் மெயில் குவியும்.

எல்லோரும் விட்டுவிடுவது ஒன்று: தகவலே வராமல் போவதற்கும் அலர்ட் வேண்டும். சென்சார் டிரைவர் ஏறாமல் போனால், எக்ஸ்போர்ட்டர் செத்துப்போனால், சூடு பற்றி எந்த அலர்ட்டும் வராது, அந்த அமைதியை நலம் என்று எடுத்துக்கொள்வோம். அலர்ட் அனுப்பும் மெஷினும் அதே ரேக்கில், அதே அறையில் இருக்கக் கூடாது.

வைத்த பிறகு சோதித்துப் பாருங்கள். வேலை இல்லாத நேரத்தில் 'ஸ்ட்ரெஸ்-என்ஜி' கொண்டு எல்லாக் கோர்களுக்கும் 20 நிமிடம் முழு லோடு கொடுங்கள். சூடு எங்கே போய் நிலைக்கிறது, ஃபேன் எவ்வளவு ஏறுகிறது, இன்லெட் என்ன, மூன்றையும் தேதியோடு குறித்து வையுங்கள். இதுதான் உங்கள் அடிப்படை அளவு. ஆறு மாதம் கழித்து இதே சோதனையைச் செய்தால் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். அலர்ட் உண்மையில் போனுக்கு வருகிறதா என்று பார்க்க, விதியில் இருக்கும் வரம்பைக் கொஞ்ச நேரம் இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும்.

அலர்ட் வந்துவிட்டால்

ஒரு சர்வரா, பலவா? இதுதான் முதல் கேள்வி. பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து ஏறினால் ஏசி அல்லது காற்றோட்டம். ஒன்று மட்டும் என்றால் அதன் இன்லெட்டைப் பாருங்கள். இன்லெட்டே அதிகமாக இருந்தால் பக்கத்துக் கருவி தன் சூடான காற்றை இதன் முகத்தில் ஊதுகிறது என்று பொருள், தலைகீழாக மாட்டிய ஸ்விட்ச், மூடாமல் விட்ட காலி ரேக் இடங்கள், இவைதான் வழக்கமான காரணம். இன்லெட் சரியாக இருந்தால் ஃபேன்களைப் பாருங்கள், பிறகு லோடைப் பாருங்கள், ஏதோ ஒரு ப்ராசஸ் மாட்டிக்கொண்டு சிபியுவைத் தின்றுகொண்டிருக்கலாம்.

உடனடி நிவாரணமாக லோடைக் குறையுங்கள், முடிந்த வேலைகளை வேறு மெஷினுக்கு மாற்றுங்கள். மேல்மூடியைக் கழற்றி வைத்தால் காற்று நன்றாகப் போகும் என்று செய்யாதீர்கள். ரேக் சர்வரில் காற்று முன்னிருந்து பின்னுக்கு ஒரு சுரங்கம் மாதிரி போக வேண்டும், மூடியைத் திறந்தால் ஹீட்சிங்க் வழியாகப் போக வேண்டிய காற்று மேலே தப்பித்துவிடும், சூடு கூடத்தான் செய்யும். தூசி தட்டும்போது சர்வரை அணைத்துவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு காற்றை அடியுங்கள், அது கட்டுக்கடங்காமல் சுற்றினால் பேரிங் கெட்டுப்போகும். இதையெல்லாம் செய்தும் வித்தியாசம் குறையவில்லை, சர்வருக்குப் பல வருடம் ஆகிவிட்டது என்றால் ஹீட்சிங்க்கைக் கழற்றிப் பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

ஏசி முழுவதுமாக நின்றுபோனால் நேரம் நிமிடக் கணக்கில்தான் இருக்கும், சின்ன அறையில் நிறைய சர்வர் என்றால் இன்னும் குறைவு. எதை முதலில் அணைப்பது என்ற பட்டியல் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும், சோதனை மெஷின்கள் முதலில், டேட்டாபேஸ் முறையாக மூடப்பட்டு, ஸ்டோரேஜ் கடைசியில். இன்லெட் 38-ஐத் தொட்டால் யாரையும் கேட்காமல் இந்த வரிசை தானாக ஓடும்படி நான் வைத்திருக்கிறேன், ஏனென்றால் சர்வர் தானே பிடுங்கிக்கொண்டு அணைவதைவிட நாம் முறையாக அணைத்தால் டேட்டா பிழைக்கும். ஏசி திரும்ப ஓட ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட வேண்டாம். இன்லெட் 25-க்குக் கீழே இறங்கி அரை மணி நேரம் அங்கேயே நிற்கட்டும், பிறகு ஸ்டோரேஜிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் போடுங்கள், ஒவ்வொன்றிலும் பிஎம்சி பதிவேட்டைத் திறந்து எந்தச் சென்சார் எவ்வளவு தூரம் போனது என்று பார்த்துவிட்டு, டிஸ்க்குகளில் ஸ்மார்ட் சோதனையை ஒருமுறை ஓட்டிய பிறகு வேலைக்கு விடுங்கள்.